சின்ன பொலிஷ் மெஷின்

என்னங்க,

நைட் வேலை முடிச்சு வந்ததும் முதல்ல சாப்பிடுங்க. ரொட்டி சட்டியில மூடி இருக்கு, சம்பல் பக்கத்துலயே இருக்கு. நான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போறேன்.

நேத்து பொலிஷ் மெஷின் பெட்டியைக் கொண்டு வந்து வச்சிட்டு, "சின்ன மெஷின் ஹட்டன்ல எங்கயும் இல்ல கௌசி, இந்தப் பெரிசுதான் கிடைச்சது"ன்னு சொன்னீங்க. நம்பிட்டேன். இன்னைக்குப் பீலியில தண்ணி பிடிக்கிறப்ப உங்க கூட்டாளி கோகுலராஜோட சம்சாரம் ஷாமிலா சொல்றா: "சின்னதும் கடையில இருந்துச்சாம். எங்க வீட்டுக்காரர்தான் ரெண்டையும் பிடிச்சுப் பார்த்துட்டு, பெரிசுதான் கைக்குத் தோதுன்னு சொன்னாராம். இனி அவரும் உங்க வீட்டுக்காரரும் சேர்ந்து கார் பொலிஷ் பண்ணப் போறாங்களாமே?"

சிரிச்சுக்கிட்டே கேட்டா. நானும் தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வந்தேன்.

எத்தனை நாள் ஒரே போர்வைக்குள்ள உட்கார்ந்து போன்ல தேடினோம்? என் மணிக்கட்டு தாங்கணும், கதவுப் பிடி ஓரமெல்லாம் போகணும், அதனால சின்னதா வாங்குவோம்னு சொன்னது நீங்க. "நீ வீட்டுலயே கார் பொலிஷ் பண்ணு, கொழுந்துக்குப் போறதை நிறுத்திடலாம்"னு சொன்னதும் நீங்கதான்.

கொட்டகலை டீச்சர் இன்னைக்குப் பகல்ல பொலிஷ் பண்ண காரைக் கொண்டு வருவாங்க. நான் செய்வேன்னு நம்பி வர்றாங்க. என்ன சொல்லணுமோ நீங்களே சொல்லிக்குங்க.

கௌசி

பிளாஸ்க்ல தேத்தண்ணி இருக்கு.

பெட்டியை அலமாரி மேல வைக்கச் சொன்னீங்கல்ல? தூக்கிப் பார்த்தேன், மணிக்கட்டு பிடிச்சுக்கிச்சு. கீழயே கிடக்கு. கோகுலராஜ் அண்ணனைக் கூப்பிட்டுத் தூக்கி வச்சுக்குங்க. அவர் கைக்குத்தான் தோதாமே.