கடைசிச் சனிக்கிழமை நீ சாப்பிட்டது

என் பெயர் பொ. வேலாயுதம். துறைமுகத்தில் ஏற்றுமதிச் சரக்குகளின் ஆவணங்களைச் சரிபார்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவன். இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் பெயரையும் நோக்கத்தையும் சொல்லாமல் நான் எந்தத் தாளையும் தொடங்கியதில்லை. நீ இறந்துவிட்டாய் என்பதற்காக அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. நோக்கம் இரண்டு. உன்மேல் எனக்குள்ள கோபத்தைக் குறைக்காமல் எழுதி வைப்பது ஒன்று. அந்தக் கடைசிச் சனிக்கிழமை நீ என்ன சாப்பிட்டாய் என்பதை உன் மனைவியிடம் சொல்வதா, வேண்டாமா என்று முடிவெடுப்பது மற்றொன்று.

இன்று மாலை வேலை முடிந்து திரும்பும்போது பேருந்து புறவழிச் சாலையில் ஒரு புதிய உணவகத்தின் எதிரே நின்றது. வாசலில் பலூன் வளைவு, புகைவிடும் ஜெனரேட்டர், சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கும்பிடு போடும் ஒரு காவலாளி. புதிதாகத் திறந்த உணவகத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. மேசையின் வார்னிஷும், உறை பிரிக்காத நாற்காலியின் பிளாஸ்டிக்கும், முதன்முதலாகக் காய்கிற கல்லின் எண்ணெயும் கலந்த வாசனை. அது சன்னல் வழியாக வந்து முகத்தில் அடித்தது. முதலில் எனக்குப் பசித்தது. அப்புறம்தான் கோபம் வந்தது.

இந்த ஊரில் எந்தச் சாலையில் எந்தக் கடை திறந்தாலும் முதல் வாரத்திலேயே நாம் நால்வரும் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது உன் கொள்கை. "தொறந்த வாரத்துல போயிரணும்லே, மாஸ்டர் ஓடிப்போறதுக்கு முன்னால" என்பாய். அது உண்மையும்கூட. இரண்டாம் மாதம் போனால் பலகையில் அதே பெயர் இருக்கும், அடுப்படியில் வேறு கை இருக்கும். முத்தையாபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் லிங்கம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் உன் மணப்பாட்டு உறவுக்காரன் இருதயராஜ், கப்பல் எஞ்சின் உதிரிபாகம் விற்ற நீ, நான். சனிக்கிழமை இரவுகள் நமக்கு அப்படித்தான் போயின. கொள்கை உன்னுடையது, விதிகள் என்னுடையவை. தினமும் கிடைக்கிற பண்டத்தைப் புதுக்கடையில் கேட்கக் கூடாது என்பது முதல் விதி. ஒருவர் மட்டுமே, அதாவது நீ மட்டுமே, எல்லாருக்கும் ஆர்டர் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது என்பது மூன்றாவது. காரணமில்லாமல் நான் விதி செய்கிறவனில்லை. உணவு அட்டையைக் கையில் கொடுத்தால் நீ ஒரு தெருவுக்கே சொல்லிவிடுவாய். மூன்றாவது விதி உன் வாய்க்குக் கட்டிய கரை.

ஒருமுறை கடற்கரைச் சாலையில் திறந்த கடையில், கடலைப் பார்த்த பக்கம் முழுவதும் சுவரை எழுப்பி அதில் நீலக் கடலின் படத்தை ஒட்டியிருந்தார்கள். எங்கிருந்தோ உறைந்து வந்த வெளிநாட்டு மீனை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். பரிமாறியவர் வடநாட்டு இளைஞர். இது எந்தக் கடல் மீன் என்று நீ மிகுந்த மரியாதையோடு அவரிடம் விசாரித்தாய். அவர் சமையலறையைக் கை காட்டினார். "கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு கட போட்டுருக்கான், மீன் எப்படிலே மூஞ்சியக் காட்டும்?" என்று நீ சொன்னபோது லிங்கத்துக்குப் புரையேறியது. ஆனாலும் அந்த மீனை நால்வரும் முள்ளில்லாமல், ருசியுமில்லாமல், மிச்சமில்லாமல் தின்று முடித்தோம். விதி என்றால் விதி. அன்றைக்கு அது உனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

கடைசி ஓராண்டில் நீ மாறினாய். நான் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கவனித்தேன், தவறாகப் பொருள் கொண்டேன். நீ மெதுவாகச் சாப்பிடுபவன் ஆனாய். பல்வலி என்றாய், நம்பினேன். சோற்றை விரல்கள் ஓயாமல் பிசைந்தபடியே பேசிக்கொண்டிருப்பாய். உன் டம்ளர் தண்ணீரைப் பாதிக்கு மேல் என் டம்ளரில் ஊற்றுவாய். உபசாரம் என்று எண்ணினேன். முதல் வாய் வைத்ததுமே உப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவந்தவன், "உப்பு எப்படிலே இருக்கு?" என்று என்னைக் கேட்கத் தொடங்கினாய். என் நாக்குக்கு மதிப்புக் கொடுக்கிறாய் என்று உள்ளூர மகிழ்ந்தேன். நாக்கில் உப்புப் படாத மனிதன் அதன் ருசியை என் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான் என்பதை அறியாமல், "கொஞ்சம் தூக்கல்" என்றும் "அளவாயிருக்கு" என்றும் வாரந்தோறும் உனக்கு அறிக்கை கொடுத்திருக்கிறேன்.

நீ இறந்த அன்று மருத்துவமனை வாசலில்தான், உன் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி நெடுநாளாயிற்று, உப்பும் தண்ணீரும் உனக்கு அளந்தே கொடுத்துவந்தார்கள் என்பதை நான் அறிந்தேன். உன் மனைவி என் முகத்தைப் பார்த்துத் திகைத்துப்போனாள். "ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன் அண்ணாச்சி. நீங்க கூட இருக்கியன்னுதான் சனிக்கெழம அனுப்புவேன். நீங்க இருந்தா எல்லாம் ஒரு அளவா இருக்கும்லா" என்றாள். இதைவிடப் பெரிய அவமானத்தை எனக்கு எவரும் செய்ததில்லை. அவள் செய்ததன்று, நீ செய்தது. ஒரு பெண் என் ஒழுங்கை நம்பி உன்னை அனுப்பியிருக்கிறாள். அந்த ஒழுங்குக்கு அஞ்சி நீ என்னிடம் மட்டும் மறைத்திருக்கிறாய்.

மற்றதை முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு, கோயில் வளாகச் சுவரோரத்தில் தெரிந்துகொண்டேன். லிங்கத்துக்கும் இருதயராஜுக்கும் முதலிலிருந்தே தெரியும். நீயே சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் நீயே சொல்லியிருக்கிறாய். "அவன்ட்ட சொன்னா கூட்டத்தையே கலச்சிருவான்னு சொன்னாம்லே" என்றான் இருதயராஜ். அப்படியென்றால் மூன்றாவது விதியை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். லிங்கம் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சொன்னான்: "நீதான் மொத ஆளா கை கழுவ எந்திரிச்சுப் போவியே. நீ அங்கன போனதும் நாங்க ரெண்டு பேரும் அவன் தட்டுலேந்து அள்ளி அள்ளித் திம்போம். நீ வாரதுக்குள்ள தட்டு பளபளன்னு ஆயிரும்."

எலுமிச்சைத் துண்டு மிதக்கும் விரல் கிண்ணத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஓடுகிற தண்ணீரில்தான் கை கழுவுவேன். அதை நீங்கள் மூவரும் ஒரு கதவாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். நான் திரும்பி வந்து, உன் வெறுந்தட்டைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்ததையும் கண்டு சிரித்திருக்கிறீர்கள். சிரித்தது போகட்டும். நீ பிசைந்த சோற்றை, உன் எச்சில் தட்டிலிருந்து எடுத்து உண்ணும் உரிமை அவர்கள் இருவருக்கும் இருந்தது. எனக்கு இல்லை.

இனி அந்தச் சனிக்கிழமை. பாளையங்கோட்டை சாலையில் திறந்த கடை. பளிங்குத் தொட்டியும் பித்தளைக் குழாயும் வைத்திருந்தார்கள். குழாய்க்குத் தண்ணீர் இணைப்புக் கொடுக்கவில்லை. ஆகவே நான் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் முடித்தபின் வெளியே போய் போத்தல் தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் டிரம்மில் தண்ணீர் இருக்கிறதாம், போய்க் கழுவிவிட்டு வா என்று லிங்கம் இரண்டு தடவை சொன்னான். வண்டியில் என்னவோ சத்தம் வருகிறது, வந்து பார் என்று இருதயராஜ் கூப்பிட்டான். இரண்டும் எனக்கு வினோதமாகப் பட்டன. உன் தட்டில் கருவாட்டுத் தொக்கு பிசைந்த சோறு அப்படியே இருந்தது. பக்கத்தில் இளநீர் பாயசம். நீ என்னைப் பார்த்தாய். "என்னய என்ன பாக்க? தட்டப் பாரு" என்றேன்.

நீ தலையைக் குனிந்து சாப்பிட்டாய். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாய். பாயசத்தையும் வழித்துக் குடித்தாய். உப்பு நிறைந்த கருவாட்டையும், சிறுநீரக நோயாளி தொடவே கூடாத இளநீரையும் என் எதிரிலேயே, நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே. "நல்லாருக்குலே" என்றாய். அன்று மட்டும் நீ உப்பைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. மறுநாள் மாலை உனக்கு மூச்சுத் திணறியது. திங்கட்கிழமை நீ இல்லை.

என் கோபம் எதன்மேல் என்று தெளிவாகச் சொல்கிறேன். ஒரு வார்த்தை போதும். 'எனக்கு ஆகாது' என்றிருந்தால் போதும். அந்தத் தட்டை நானே எடுத்திருப்பேன். உன் முன்னால் வெறும் தட்டை வைத்து உட்காரச் சொல்லியிருப்பேன். எனக்கு விதிவிலக்கு அளிக்கத் தெரியாது என்று நீயாகவே தீர்ப்பு எழுதிவிட்டாய். என் தொழில் என்ன என்று முப்பதாண்டு பழகியும் நீ அறியவில்லை. விதியை ஒப்பிக்க எவனுக்கும் சம்பளம் கொடுப்பதில்லை. எந்தச் சரக்குக்கு எந்த விதி பொருந்தாது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கூட்டம் கலைந்துவிடும் என்று அஞ்சினாயாம். சனிக்கிழமை ராத்திரிக்காக ஏங்கியவன் நீ ஒருவன்தானா? செவ்வாய்க்கிழமையே சட்டையைத் தேய்த்து வைத்தவன் நான்.

இது என் கோபம்; என்னோடு இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த முப்பதாம் நாளில், பூசைக்குக் கிளம்புவதற்கு முன்பே, உன் வீட்டில் இன்னொன்றும் நடந்தது. காப்பி கொடுத்துவிட்டு உன் மனைவி என்னிடம்தான் கேட்டாள்: "அன்னைக்கு ராத்திரி அவுக என்ன சாப்பிட்டாவ அண்ணாச்சி?" நான் வாயைத் திறப்பதற்குள் இருதயராஜ் முந்திக்கொண்டான். பால் ஊற்றி இரண்டு இடியாப்பம் மட்டுமே சாப்பிட்டாய், வேறெதையும் தொடவில்லை என்றான். அவள் காலி டம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கினாள். பிறகு, எங்கள் எவரையும் பார்க்காமல் சொன்னாள்: "அப்ப ஞாயித்துக்கெழம காலைல நான் குடுத்த மோருதான். வெயிலா இருக்குன்னு உப்புப் போட்டு ஒரு டம்ளர் குடுத்தேன். கேட்டாவ, குடுத்துட்டேன்."

இருதயராஜ் இரக்கத்தால் சொன்ன பொய் அது. எனக்குத் தெரியும். அந்தப் பொய் எங்கள் மூவரையும் மேசையிலிருந்து எழுப்பிவிட்டு, அவளை மட்டும் அங்கே உட்காரவைத்தது. உன் சாவை ஒரு டம்ளர் மோருக்குள் அடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். அன்று நானும் பேசவில்லை.

சற்று முன் லிங்கம் போனில் பேசினான். மாதக்கணக்காக நான் அவனோடு பேசாமல் இருந்ததை அறியாதவன்போலவே பேசினான். புறவழிச் சாலைக் கடைக்கு அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னான். நீ இருந்தால் முதல் நாளே போயிருப்பாய் என்றான். உன் மனைவியிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். "ஏலே, அவ இப்பதான் தேறி இருக்கா. நீ போயிக் கிண்டாத. அவளால தாங்க முடியாதுலே" என்றான்.

அந்த வார்த்தையில்தான் எனக்கு முடிவு கிடைத்தது. இவனால் தாங்க முடியாது என்று என்னைப் பற்றி நீ நினைத்தாய். அவளால் தாங்க முடியாது என்று இவர்கள் நினைக்கிறார்கள். ஒருவரைக் கேட்காமலே அவருடைய தாங்கும் பலத்தை அளந்துவிடுகிற இந்த அன்பை நான் ஓராண்டு முழுவதும் அறியாமல் உண்டிருக்கிறேன். அதன் கசப்பு எனக்குத் தெரியும். அவளுக்கு அதைப் பரிமாறும் கூட்டத்தில் இனி நான் இருக்க மாட்டேன்.

உனக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் நானே போய்க் கேட்டேன். நெடுநாளாக முற்றிய நோய் இது, ஒரு வேளைச் சாப்பாட்டின்மேல் பழியைப் போட முடியாது, ஒரு டம்ளர் மோரின்மேல் நிச்சயமாகப் போட முடியாது என்றார். இரண்டாவது பாதியை நான் நம்புகிறேன். முதல் பாதியை நம்புவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. அதைச் சுமப்பது என் பாடு. உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து அதுதான்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. அவள் பூசைக்குப் போய்விட்டுத் திரும்பியதும் உன் வீட்டுக்குப் போவேன். லிங்கத்தையும் இருதயராஜையும் உடன் வரச் சொல்வேன்; வராவிட்டால் தனியாகப் போவேன். நீ என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சாப்பிட்டாய், எதிரில் உட்கார்ந்து தட்டைப் பார்க்கச் சொன்னவன் யார் என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்வேன். அவள் என்னை ஏசினால் கேட்டுக்கொள்வேன். வெளியே போகச் சொன்னால் போவேன். எங்கே தொடங்குவது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவள் காப்பி வைக்க எழுந்திருக்கும் முன்பே, "மோரு இல்லம்மா" என்று தொடங்குவேன்.