மூலம்தான் என்று சொன்னேன்

மார்ச் 4
இன்று லேபுக்குப் பன்னிரண்டு பாலிப் துண்டுகள் வந்தன, குடலில் முளைக்கும் மருக்கள். மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிக் கொடுத்தேன். இருபது வருடமாக இதே வேலை. வீட்டுக்கு வந்தால் எனக்கே மறுபடியும் மலத்தோடு ரத்தம். மனைவி கேட்டதற்கு, "மூலம்தான், விடு" என்றேன்.

மார்ச் 9
வேறு ஊர் ஆஸ்பத்திரியில் காட்டினேன். எங்கள் லேபுக்கு என் பெயர் எழுதிய டப்பா வந்தால் மானம் போய்விடுமே! குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு பாலிப். அப்போதே எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 16
ரிசல்ட் வந்தது. புற்று ஆரம்பித்திருக்கிறது. பாலிப்பின் தலையோடு நின்றுவிட்டது, காம்புக்கு இறங்கவில்லை. பிழைத்தேன்.

"குடலோட உள்தோல்ல ஒரு செல் அடங்காம பெருகும், சின்ன மரு மாதிரி ஆகும். அது புற்றா மாற பத்து வருஷம்கூட ஆகலாம். அவ்வளவு டைம் குடுக்குது, நாமதான் பார்க்கிறதில்ல" என்றார் டாக்டர். எனக்குத் தெரியாததா? பிறகு கேட்டார்: "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களும் பார்த்துடணும்."

அக்கா.

மார்ச் 17
மூன்று வருடத்துக்கு முன் போனில் இழுத்து இழுத்துக் கேட்டாள். "நீ லேப்ல இருக்கே, அதான்... ரத்தம் போகுதுடா." அக்காவோடு இதையெல்லாம் பேசுவதா என்று உடம்பே கூசியது. "மூலமா இருக்கும்க்கா, தண்ணி நிறைய குடி" என்று வைத்துவிட்டேன். ஆரம்பத்துக்கும் மூலம் என்றுதானே பெயர். சரியாகத்தான் சொல்லித் தொலைத்திருக்கிறேன், பாவி.

மார்ச் 20
போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 23
சொல்லிவிட்டேன். "அட, அது மூலம்டா, இப்பவும் அப்பப்ப வரும்" என்று சிரிக்கிறாள். மூன்று வருடமாக என்னை நம்பியிருக்கிறாள்! கத்திவிட்டேன் — "நான் சொன்னது தப்புக்கா! நாளைக்கே கிளம்பு!"

ஏப்ரல் 19
ஆபரேஷன் முடிந்து எட்டு நாள். அக்காவுக்குக் குடல் சுவரையே தாண்டி, பக்கத்து நிணநீர் முடிச்சுக்கும் போயிருக்கிறது. ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும். வார்டில் எல்லாரிடமும் சொல்கிறாள்: "தம்பி மட்டும் சொல்லலைன்னா போய்ச் சேர்ந்திருப்பேன்." நான் தண்ணீர் பிடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

மே 2
அக்காவின் மகனையும் மகளையும் உட்காரவைத்துப் பேசினேன். ரத்தம், மலம், எதையும் சுற்றி வளைக்கவில்லை. "நீங்களா மூலம்னு முடிவு கட்டாதீங்க. யார் சொன்னாலும் நம்பாதீங்க." மகள் நெளிந்தாள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

கட்டிலில் படுத்திருந்த அக்கா, "நல்லா புரியுற மாதிரி சொல்றேடா" என்றாள். பிறகு, "அன்னைக்கு மட்டும் ஏன்டா கூச்சப்பட்டே?"

"என்னைக்கும்மா?" என்றான் மகன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த போனைப் பற்றி நான்தான் சொன்னேன்.