திறந்திருக்க வேண்டிய குழாய்

மண்ணரை, திருப்பூர்
23.11.2003

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெசிந்தா எழுதுவது. உன் கடிதம் அபிராமி வீட்டு முகவரிக்கு வந்து சேர்ந்தது. வகுப்பில் ரகசியமாகக் கொடுத்தாள். மூன்று முறை படித்தேன்.

பட்டுப்புழுவுக்குக் குளிர் ஆகாது என்பது எனக்குத் தெரியாது. போன தடவை பாதிக்கு மேல் செத்துவிட்டதாக எழுதியிருந்தாய். அதைவிட, புழு வளர்க்கும் கூடத்துக்குள் கரி அடுப்பை மூட்டிவிட்டு அதே கூடத்தின் ஓரத்தில் நீ, அத்தான், உன் மாமியார் மூவரும் படுப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் தலைவலியும் வாந்தியும் வருவது கரிப்புகையால்தான். மூடிய அறையில் கரி எரியக் கூடாது என்று எங்கள் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. அப்பா வேலை பார்க்கும் சாயப்பட்டறையில் பாய்லர் தண்ணீருக்கு விறகு எரிவது வெளியே. சூடு மட்டும் குழாய் வழியாக உள்ளே போகிறது. உங்கள் வீட்டுக்கும் அப்படிச் செய்ய முடியாதா? அப்பாவிடமே கேட்கிறேன். உனக்காக என்று சொல்ல மாட்டேன். வீட்டை மீறி நீ செய்துகொண்ட கல்யாணம் முடிந்து இரண்டு வருடமாகியும் உன் பெயரை எடுத்தால் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுகிறார். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்று சொல்லப் போகிறேன். பொய்தான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

கூடத்தின் நீள அகலம் எழுது.

உன் தங்கை,
ஜெசிந்தா


கணியூர்
29.11.2003

என் ஜெசிக்கு,

கூடம் நாற்பது அடி நீளம், பதினெட்டு அடி அகலம். தகரக் கூரை, கீழே தென்னங்கீற்று. அத்தான் காயலான் கடையிலிருந்து கனத்த இரும்பு டிரம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மோட்டார் இல்லாமல் தண்ணீர் சுற்றுமா என்று கேள். விறகுக்குக் கவலை இல்லை. புழு இலையைத் தின்ற பிறகு மிஞ்சும் மல்பெரிக் குச்சி மலைபோல் கிடக்கிறது.

டிசம்பர் எட்டாம் தேதி அடுத்த புழு வருகிறது. இதுவும் போனால் அத்தான் மறுபடி திருப்பூர் பனியன் கம்பெனிக்கே கட்டிங் வேலைக்கு வந்துவிடுவதாகச் சொல்கிறார். எனக்கு அந்த ஊருக்கு வர ஆசைதான். ஆனால் அப்பா எந்தத் தெருவில் எதிரே வருவாரோ என்று பயந்துகொண்டு எப்படி நடப்பது?

என் மாமியாருக்கு இது வேடிக்கை. "மனுசனுக்கே ஒழுங்கா கம்பளி இல்லீங்கொ, புழுவுக்கு வெந்நீர்க் குழாயாமா!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

நீ இரண்டு வாரத்துக்கு ஒன்றுதான் எழுதுகிறாய். அம்மாவின் கால்வலியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

உன் அக்கா,
ரோஸ்மேரி


மண்ணரை
3.12.2003

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் கால்வலி தேவலை. கோபிக்காதே.

அப்பாவிடம் நேற்று மாலை, கூடத்தின் நீள அகலத்தையும் சொல்லிக் கேட்டேன். நன்றாகப் பேசினார். இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. மோட்டார் வேண்டாமாம். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் தானாகக் கீழே இறங்கும். அதற்கு டிரம் தரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். சுவருக்கு வெளியே குழி தோண்டி அடுப்பு கட்டி, அதன்மேல் டிரம்மைப் பதிக்க வேண்டும். டிரம்மின் மேல்பக்கத்திலிருந்து கிளம்பும் குழாய் கூடத்தைச் சுவரோரமாகச் சுற்றிவிட்டு அடிப்பக்கத்தில் வந்து சேர வேண்டும். முழுவதும் லேசான சரிவு. ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்த குழாய் கூடாது. எல்லாவற்றுக்கும் உயரமான இடத்தில் ஒரு குழாயை மேல்நோக்கி நிறுத்தி, வாயைத் திறந்தே விட வேண்டும். இத்துடன் வரைந்து வைத்திருக்கும் படத்தில் அதற்கு 'உ' என்று குறி போட்டிருக்கிறேன்.

"அடுப்புக்கு மேல கூரை உண்டாத்தா? மழை பேஞ்சா நனையுமே" என்று கேட்டார். கண்காட்சி மாதிரிக்குக் கூரை எதற்கு என்று புரியவில்லை. ஆனாலும் குறித்துக்கொண்டேன். "காத்து எந்தப் பக்கமிருந்து வருது? பொக வீட்டுக்குள்ள போயிரக் கூடாது" என்றும் சொன்னார். பிறகு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உன் தங்கை,
ஜெசிந்தா


கணியூர்
17.12.2003

என் ஜெசிக்கு,

பாய்லர் ஓடுகிறது!

மடத்துக்குளத்திலிருந்து வெல்டர் வந்து இரண்டு நாளில் முடித்தார். முதல் நாள் தண்ணீர் சுற்றவே இல்லை. சரிவைச் சரி செய்ததும் குழாய் மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டே வந்தது. நான் கையை வைத்தபடி கூடவே நடந்தேன். கூடத்தில் இப்போது துளிப் புகை இல்லை. தலைவலியும் போய்விட்டது. புழு இலையைத் தின்னும் சத்தம் தகரத்தில் தூறல் விழுவது போல இருக்கிறது. மாமியார் குழாய்க்குப் பக்கத்தில் பாயை நகர்த்திக்கொண்டார். கேட்டால், "பூச்சிக்குத் தொணைக்குப் படுக்கறேன் கண்ணு" என்கிறார்.

ஒரே ஒரு குறை. நீ 'உ' என்று போட்ட குழாயிலிருந்து எந்நேரமும் ஆவி போகிறது. சில சமயம் வெந்நீரும் கொப்பளித்து வழிகிறது. அவ்வளவு சூடும் வீண், குச்சி மலையும் வேகமாகக் கரைகிறது. அதை அடைத்துவிட்டால் பாதி விறகு போதும் என்று அத்தான் சொல்கிறார். சனிக்கிழமை காலை வெல்டர் வந்து மூடி போடுகிறார்.

அப்பாவிடம் கண்காட்சியில் உனக்குப் பரிசு கிடைத்தது என்று சொல்லிவிடு.

உன் அக்கா,
ரோஸ்மேரி


மண்ணரை
20.12.2003, சனிக்கிழமை

அக்கா,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் அப்பா உன்னிடம் வந்திருப்பார். வந்திருக்க வேண்டும்.

உன் கடிதத்தை அபிராமி நேற்று மாலைதான் கொடுத்தாள். படித்ததும் எனக்கும் அத்தான் சொல்வது சரி என்றே பட்டது. இன்று காலை ஷிப்டு முடிந்து வந்து அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம், "அப்பா, ஆவி போகிற குழாயை அடைத்தால் விறகு மிச்சமாகுமா?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்தார்.

"எவன் அடைச்சான்?"

"யாருமில்லப்பா, எக்ஸிபிஷன்ல..."

"எக்ஸிபிஷன்ல எவ நாப்பது அடி ஹால் கட்டுவா? கணியூர்ல எவன் அடைச்சான்னு கேக்கேன்."

அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது அக்கா. நான் உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "எங்க பாய்லருக்கு சேப்டி வால்வு இருக்கு. இதுக்கு அந்தத் தெறந்த குழாதான் சேப்டி. அத அடைச்சா ஆவி எங்கிட்டுப் போகும்? டிரம்மு வெடிச்சுச் செவரையே தூக்கிரும்" என்றார். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். உங்கள் பக்கத்துத் தோட்டத்து நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அப்பா பனியனோடு நின்றார். அம்மா பின்னாலேயே சட்டையைக் கொண்டு ஓடி வந்தாள். அதைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறிவிட்டார்.

திறந்தே விட வேண்டும் என்று எழுதினேனே தவிர, ஏன் என்று நான் அப்பாவைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஏன் ஏன் என்று கேட்கிறவள் அன்றைக்குக் கேட்கவில்லை. நானும் அம்மாவும் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறோம். உடனே பதில் போடு.

ஜெசிந்தா


கணியூர்
21.12.2003

என் ஜெசிக்கு,

எல்லோரும் நலம். முதலில் அதைத் தெரிந்துகொள்.

வெல்டர் நேற்று ஒன்பது மணிக்கே மூடி போட்டுவிட்டுப் போய்விட்டார். பகலிலும் ஊதல் காற்று அடித்ததால் பத்து மணிக்கு மேல் அடுப்பு மூட்டினோம். பதினொன்றரை இருக்கும். நான் புழுவுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன். குழாய் திடும் திடும் என்று அடிக்கத் தொடங்கியது. காற்று அடைத்திருக்கும் என்றார் அத்தான். அப்போது வரப்பிலிருந்து ஒரு குரல்: "உள்ள யாரு இருந்தாலும் வெளிய வாங்க! ரோசு, வெளிய வா தாயி!"

இரண்டு வருடம் கழித்துக் கேட்கிறேன். ஓடி வந்தேன். மாமியாரை அத்தான் தூக்காத குறையாக இழுத்து வந்தார். எங்களைத் தென்னந்தோப்பு வரைக்கும் விரட்டினார் அப்பா. பிறகு அவர் மட்டும் குனிந்து போய், நீளமான கம்பியால் எரிகிற குச்சியை எல்லாம் வெளியே இழுத்து மண்ணைப் போட்டார். டிரம்மின் மேல்தகடு வீங்கியிருந்தது. அது ஆறும்வரை ஒன்றரை மணி நேரம் நால்வரும் தோப்பில் நின்றோம்.

அத்தான்தான் பேசினார். "ஆவி வீணாப் போகுதுன்னு நெனச்சிட்டனுங்க."

"போறதுக்குத்தான்ப்பா அந்தக் குழாயே" என்றார் அப்பா. திட்டவில்லை.

டிரம் ஆறியதும் அப்பாவும் அத்தானும் சேர்ந்து குழாயின் மூடியை அறுத்தெடுத்தார்கள். மாமியார், "ஏனுங் சம்மந்தி, இவ்வளவு தூரம் வந்துட்டு ஊட்டுக்குள்ள வராமப் போறதாட்ட நிக்கறீங்களே" என்றார். அப்பா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "புழு இருக்குற எடம். கால எங்க கழுவணும்?" என்று கேட்டார். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். கால் நனைத்துவிட்டு உள்ளே வந்தார். ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தார். புழுக்களைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. இரவு ஷிப்டு என்று சொல்லி மோர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நேற்றிலிருந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் ஜெசி. வேறு யார் வீட்டு பாய்லர் என்றாலும் அப்பா இப்படித்தான் ஓடியிருப்பார். இனிமேல் வருவாரா?

ரோஸ்மேரி


மண்ணரை
28.12.2003

அன்புள்ள அக்காவுக்கு,

இது அப்பா சொல்ல நான் எழுதும் கடிதம். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாதாம்.

"ரோசு, கெழக்குச் செவத்துல ரெண்டு ஜாயிண்டு கசியுது. சணல் சுத்தி இறுக்கச் சொல்லு. வீங்குன டிரம்ம இனிமே நம்பக் கூடாது. இந்தப் புழு முடிஞ்சதும் மாத்திரணும். எங்க பட்டறையில பழைய டேங்கு ஒண்ணு கழிச்சுப் போட்டிருக்காக, கேட்டிருக்கேன். அதுவரைக்கும் கொஞ்சமா எரி. தண்ணி கொறையுதான்னு காலையில ஒருவாட்டி, பொழுது சாய ஒருவாட்டி பாரு."

அம்மா அடுப்படியிலிருந்து, "புள்ளைக்கு எழுதுறீகளா, லேத்துப் பட்டறைக்கு எழுதுறீகளா?" என்று கத்துகிறாள்.

"நீ சும்மா இரு. அவளுக்கு இதுதான் வேணும்" என்கிறார் அப்பா. பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். "புழு கூடு கட்டிருச்சான்னு எழுதச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் என்று நினைத்து நான் மடிக்கப் போனேன். "இங்க கொண்டா, அட்ரஸ் நான் எழுதுதேன்" என்று வாங்கிக்கொண்டார்.

பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். உன் பெயர். அதற்குக் கீழே, கணவர் பெயர் என்று எழுதிவிட்டு நிமிர்ந்து, "தம்பிக்கு இனிஷியல் என்னத்தா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை அக்கா. அம்மாவுக்கும் தெரியவில்லை. சிவபிரகாஷ் என்ற அத்தானின் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார். என்ன எழுத்து என்று உடனே தெரிவி.

உன் தங்கை,
ஜெசிந்தா