கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு

இன்று காலை சமையலறை அலுமாரியைத் துப்புரவாக்கினேன். மாப்பெட்டிகளுக்குப் பின்னால் உங்கள் மண்போத்தல் இருந்தது. மூடியைத் திறந்ததும் யெனேவர் மணம், அந்த ஒல்லாந்துச் சாராயத்தின் மணம், முகத்தில் அடித்தது. துடைத்த துணியோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

கலியாணம் முடித்து இந்தக் கோலியர்ஸ் வுட் வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு மத்தியானம் அதைக் குடிக்கும் முறையை எனக்குச் செய்து காட்டினீர்கள். சின்னக் கிளாசை விளிம்பு தளும்ப நிரப்பி, பக்கத்தில் பியரை வைத்தீர்கள். கைகளைப் பின்னால் கட்டி, குனிந்து, முதல் வாயை உறிஞ்சினீர்கள்.

“இதென்ன கோலம்? மாடு தொட்டியிலை தண்ணி குடிக்கிற மாதிரி!” என்றேன்.

“கையாலை தூக்கினால் சிந்திப்போடும். முதல் வாய்க்கு நாங்கள்தான் குனியவேணும். பிறகு பியர்.”

அகதி வழக்கு முடியாமல் நீங்கள் ஒல்லாந்தில் பூக்கள் பொதிசெய்த காலத்தில், கூட வேலை செய்தவர்கள் பழக்கியதாம். பாஷை தெரியாமல் அவர்களோடு வரிசையில் நின்று குனிந்தீர்களாம். “அண்டைக்குத்தான் அந்த நாட்டிலை ஆக்களோடை சேந்து சிரிச்சனான்” என்றீர்கள்.

பிறகு அந்த நோய் வந்தது. நரம்புகள் ஒவ்வொன்றாய்ச் செத்துக்கொண்டு போகும் என்றார் டொக்டர். முதலில் விரல்கள் போயின. சேட்டுப் பொத்தான், சாவி, கடைசியில் கிளாஸ். ஒரு கொண்டாட்டத்துக்கும் வரமாட்டேன் என்றீர்கள். “சனம் என்ரை கையைத்தான் பாக்குது. முகத்தை ஒருத்தரும் பாக்கினமில்லை.”

மகளின் நிச்சயதார்த்தத்தை அதனால்தான் வீட்டிலேயே வைத்தோம். சம்பந்தி எல்லாருக்கும் கிளாஸ் கொடுத்துக்கொண்டு வந்தார். உங்களுக்கும் நீட்டினார். உங்கள் கைகள் மடியிலேயே கிடந்தன. அவர் விளங்காமல் நீட்டியபடி நின்றார். எல்லாரும் உங்கள் கையைப் பார்த்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள்.

எங்கிருந்து எனக்கு அந்தத் துணிவு வந்ததோ! போத்தலை எடுத்துவந்து, மேசை ஓரத்தில் சின்னக் கிளாசுகளை அடுக்கி, தளும்பத் தளும்ப ஊற்றினேன்.

“இவர் ஒல்லாந்திலை இருந்த ஆள். இந்த வீட்டிலை இண்டைக்கு ஒல்லாந்து முறைதான். எல்லாரும் கையைப் பின்னாலை கட்டுங்கோ. தொட்டால் தோல்வி!”

எல்லாரும் குனிந்தார்கள். சம்பந்தியின் மூக்கு நனைந்தது. மாப்பிள்ளை மேசையெல்லாம் சிந்தினான். நீங்கள் ஒருவர்தான் ஒரு துளி சிந்தவில்லை. அந்தச் சிரிப்புக்குள் நான் பியரை உங்கள் வாயில் பிடித்ததை யாரும் கவனிக்கவில்லை. வாழ்நாளில் சாராயம் தொடாத நானும் உங்களுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

“ஏன் உம்மடை கண்ணிலை தண்ணி?”

“சாராயம் எரியுது.”

எல்லாரும் போன பிறகு, “இண்டைக்கு ஒருத்தரும் கையைப் பாக்கேல்லை” என்றீர்கள். நோய் வந்த பிறகு நீங்கள் சந்தோசமாகச் சொன்ன ஒரே வசனம் அது.

குளிர்காலத்தில் விழுங்க ஏலாமற்போனது. பிறகு பேச்சும் நின்றது. பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தோய்த்து உங்கள் உதட்டை நனைத்த நேர்ஸ் பிள்ளை, அவருக்குப் பிடித்ததிலும் தோய்க்கலாம் என்றாள். யெனேவரில் தோய்த்துக் கொண்டுவந்தேன். மணம் பட்டதும் தலையை முன்னுக்குக் கொண்டுவரப் பார்த்தீர்கள். கழுத்து விடவில்லை. நான்தான் குனிந்தேன். அடுத்த நாள் விடிய நீங்கள் இல்லை.

மகளின் கலியாணம் நடந்தது. அவள் தோர்ண்டன் ஹீத்துக்குப் போய்விட்டாள். நான் தனியச் சமைக்கிறேன், தனியச் சாப்பிடுகிறேன். அவ்வளவு காலம் உங்களுக்குச் சோறு தீத்திய கை இது. இப்போதும் குழைத்து எடுத்த முதல் கவளம் என் வாய்க்கு வருவதில்லை. இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. அங்கே யாருமில்லை என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதை எனக்கு ஊட்டிக்கொள்ள என் கை இன்னும் பழகவில்லை.