தொடரில் மாறிய அம்மா

1984 ஆகஸ்ட் 12, ஞாயிறு. பதுளை.

வாராவாரம் டிவியில் பார்க்கும் அந்த ஆங்கிலச் சிரிப்புத் தொடர் இன்று மீண்டும் தொடங்கியது. அதில் வீடு புதிது. அம்மாவாக நடிப்பவளும் புதியவள். பழையவளின் பெயரையே இவளுக்கும் வைத்திருந்தார்கள். எதுவுமே நடக்காததுபோல் பிள்ளைகள் அவள் மடியில் சாய்ந்தார்கள்.

ஏழு வயது நஸ்ரின், "பழைய அம்மா எங்க வாப்பா?" என்றாள்.

"அவங்க நடிக்கிறத விட்டுட்டாங்க மகள். ஆள் மாறினா என்ன, கதை அதேதானே?" என்றார் இவர்.

"அப்ப ஏன் யாருமே அவங்களத் தேடல?"

இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நஸ்ரினைப் பெற்றவள் என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. அவள் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஒன்றரை வருடம். பிள்ளைக்காக என்னை இவருக்கு நிக்காஹ் செய்து வைத்தார்கள். பிள்ளை அழும் என்று இந்த வீட்டில் யாரும் ராத்தாவைப் பற்றிப் பேசுவதில்லை. நானும்தான். உம்மாவின் தங்கை என்பதால் நஸ்ரின் என்னைச் சாச்சி என்றுதான் கூப்பிடுவாள். ஒருமுறையாவது உம்மா என்று கூப்பிடமாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன்.

படுக்க வைத்தபோது என் கையைப் பிடித்தாள். "அந்தப் பிள்ளைங்க மாதிரி நானும் இனிமே கூப்பிடுறேன். வாப்பாவுக்கு சந்தோசமா இருக்கும்." பிறகு, பாடம் ஒப்பிப்பதுபோல், "உம்மா" என்றாள்.

"வேணாம் தங்கம். சாச்சியே போதும்."

"அப்ப உம்மாவப் பத்திச் சொல்லுங்க சாச்சி."

சிரித்தால் ராத்தாவுக்கு விக்கல் வந்துவிடும் என்பதைச் சொன்னேன். அழுதது நான். பிள்ளைதான் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.