தம்பியின் மூக்குக்கண்ணாடி

மார்ச் 3
கிடாரை உறையில் போட்டு மூடினேன். இனி சின்தசைசரும் லேப்டாப்பும்தான். அறுபது வயதில் சிலருக்குப் புதுப் பல் தேவைப்படுகிறது. எனக்குப் புதுச் சத்தம்.

மார்ச் 5
தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. என் முதல் பாட்டிலிருந்து, முப்பத்தோரு வருடமாக, டிரம்ஸ் அவன்தான். இனி அந்த வேலையை லேப்டாப் பார்க்கும். எப்படிச் சொல்வது?

மார்ச் 9
சொன்னேன்.
"சரிக்கா. அது தாளம் தப்பாதாமே?"
"தப்பாதாம்."
"பாவம், யாரைத் திட்டுவே?"
சிரித்துக்கொண்டேதான் போனான். டீ அப்படியே இருந்தது. அவன் டீயை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 16
ஒலிப்பதிவு நாசம். ஒவ்வொரு சரணத்திலும் பிந்துகிறேன். சவுண்ட் இன்ஜினியர் நல்ல பெண். திட்டுவதைக்கூட மரியாதையாகச் செய்கிறாள். "மெஷின் சரியாத்தான் போகுது மேடம். நீங்கதான் யாருக்கோ காத்துக்கிட்டு நிக்கறீங்க."

யாருக்கோவா! சரணத்துக்கு முன் தம்பி சிம்பலைத் தட்டிவிட்டு, மூக்கில் வழுக்கிய கண்ணாடியை மேலே தள்ளுவான். அதற்காக நிற்பேன். விமர்சகர்கள் அதை 'அர்த்தம் பொதிந்த மௌனம்' என்று எழுதினார்கள். நானும் மறுக்கவில்லை.

மார்ச் 17
பதினேழாவது தடவையில் பிந்தாமல் பாடிவிட்டேன். போட்டுக் கேட்டேன். பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது.

மார்ச் 18
போன் செய்தேன். "உன் கண்ணாடி என் பாட்டைக் கெடுத்து வச்சிருக்குடா. வந்து சரி பண்ணு."
"கண்ணாடியையா?"
"பாட்டை. மெஷினை நீ ஓட்டு."
"எனக்கு அது தெரியாதேக்கா."
"எனக்கு மட்டும் தெரியுமா? வா."
"டீ உண்டா?"

ஏப்ரல் 2
மெஷின் தாளத்தைச் சரணத்துக்கு ஒரு பட்டன் என்று இன்ஜினியர் பிரித்துக் கொடுத்துவிட்டாள். அவன் அழுத்தினால்தான் சரணம் தொடங்கும். ஐம்பத்தேழு வயது ஆள் ஒற்றை விரலால் ஓங்கி அடிக்கிறான். "சார், தொட்டா போதும்!" என்று அவள் கத்திக்கொண்டே இருக்கிறாள். காலையிலிருந்து இருவரும் சந்தோஷமாகச் சண்டை போடுகிறார்கள்.

ஏப்ரல் 20
முதல் கச்சேரி. "கிடார் எங்கே?" என்று ஒருவர் கத்தினார். வீட்டில் என்று சொன்னேன்.

இரண்டாவது பாட்டில், சரணத்துக்கு முன் நின்றேன். அரங்கமே நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லை. மூக்கு, விரல், பட்டன். சேர்ந்தே சரணத்துக்குள் போனோம்.

ஏப்ரல் 22
தம்பி வந்தான். கண்ணாடி ரொம்ப வழுக்குகிறதாம், வேறு மாற்றப் போகிறானாம்.
அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.