உன் அறைக்கு மறுபடி தாழ்ப்பாள்

அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், மாடு எங்கள் இருவரையும்விட நலம். நீ நலமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்ததைக் கேட்டுவிட்டேன். உன்னவள் தன் முடியைத் தானே வெட்டி, ஒரு பக்கம் ஆடு மேய்ந்த மாதிரி ஆக்கிக்கொண்டதைச் சொல்லி மூச்சு வாங்கச் சிரித்தாயே, அதேதான். அளக்காமல் கத்தரி வைத்தால் அப்படித்தான் ஆகும், இங்கே வரட்டும், நானே சரிசெய்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை அழைத்து வந்த அன்று அப்பா உன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். அப்போது அது தேவையாக இருந்தது. நீ தேறிய பிறகும் மாட்டாமல் விட்டதுதான் எங்கள் தப்பு. தட்டாமல் திறந்து திறந்து பார்ப்பேன். நீ ஊரைவிட்டுப் போன பிறகும் போனில் சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று காவல்காரி மாதிரிதான் கேட்டேன். என்னிடம் சீருடை தைக்கக் கொடுக்க வந்த, ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்தான், "உயிரோட இருக்காளான்னு மட்டும் பாக்குறீங்கக்கா, எதுல அவளுக்குச் சந்தோஷம்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்றாள். ஊசி கையில் குத்தியதுகூடத் தெரியவில்லை எனக்கு. அன்றிலிருந்துதான் தினமும், இன்றைக்கு எதற்குச் சிரித்தாய் என்று உன்னைக் கேட்கிறேன்.

நேற்று அத்தை வந்து, உன் தம்பி கல்யாணத்துக்கு நீ மட்டும் வந்தால் போதும், அந்தப் பெண் எதற்கு, ஊர் வாயை யார் மூடுவது என்றாள். அப்பா பால் கேனைக் கழுவிக்கொண்டே, "ஊர் வாய்க்குத்தானேக்கா சோறு போடுறோம், மென்னுக்கிட்டு இருக்கட்டும்" என்றார். அத்தை காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகட்டும், கல்யாணத்தன்று முதல் ஆளாக வந்து நிற்பாள். இருவரும் வருகிறீர்கள், இதில் பேச்சே இல்லை.

இன்று தச்சரை வரச் சொன்னேன். தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று கேட்டார், உள்பக்கம் என்றேன். இனி தட்டிவிட்டுத்தான் வருவேன்.

ஒன்றே ஒன்று. பழைய நினைப்பு எட்டிப் பார்த்தால் அவளிடம் சொல், என்னிடம் சொல், நர்ஸுக்குப் போன் செய், நேரம் பார்க்காதே. சொன்னால் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவார்களோ என்று பயந்து மறைக்காதே. கழற்ற வேண்டி வந்தாலும் இந்த முறை உன்னைக் கேட்டுத்தான் கழற்றுவோம்.

இருவரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். டிக்கெட் எடுத்ததும் சொல்.

தட்டப் பழகும்
உன் அம்மா